உபதேசியாரம்மாவும் ஜிம்மியின் பின்னங்கால்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதெல்லாம் அப்போதே பிடிபடவில்லை. இப்போது கேட்கவே வேண்டாம். மறதி வேறு. ஒன்றை எழுத உட்கார்ந்தால் நடுவில் இன்னொன்று வந்து நிற்கிறது. பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் மாதா கோயில் உபதேசியார் குடும்பம் இருந்தது. சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் போய் நிற்பது எல்லாம் உபதேசியார் வேலை. அவருடைய மனைவியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் வேண்டாம். ஊரில் உபதேசியாரம்மா என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். ஆனாலும் கூடப் பிறந்தவள் மாதிரிதான் பழகினோம்.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. ‘வேண்டாம்’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னால் உடனே ஒரு காரணம் வரும். அந்தக் காரணம் ஒருநாளும் அவருக்குள் இருக்காது. வானத்தில் இருக்கும், அடுப்பில் இருக்கும், மாட்டின் வயிற்றில் இருக்கும்.

மாட்டின் வயிறு என்று நான் சும்மா சொல்லவில்லை. உபதேசியார் ஒரு கறவை மாட்டை விற்றுவிட வேண்டும் என்று நின்றார். அக்காவுக்கு மனசில்லை. “சினையா இருக்கு போலங்க, கன்னு போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த மாடு கன்று போடவே இல்லை. வருஷம் போய்க்கொண்டே இருந்தது. வாங்க வந்த தரகர் உபதேசியாரிடம், “என்னங்கய்யா, ஆனை கூட இதுக்குள்ள போட்டிருக்குமே” என்று கேட்டதாகச் சொல்லி ஊரே சிரித்தது. மாடு கடைசிவரை அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

கோயிலில் பெண்கள் சங்கத்தில் பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கும். நான் திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது, “வடகம் பிழிஞ்சு காயப் போட்டிருக்கேன்டி” என்றார். வெளியே சடசடவென்று மழை பெய்துகொண்டிருந்தது. நான் மழையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். “நின்னுடும்” என்றார்.

அவர் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், “பையனைப் பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார்களாம். “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். பெண்ணுக்கு வெட்கம், சம்மதம்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உபதேசியார் நல்ல மனுஷர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“யக்கா, அன்னிக்கு நீங்க சொன்னது சரின்னா, வேணாம்னா?”

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “பால் பொங்கிட்டுதுடி” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது தூக்கிவாரிப்போட்டது. ஒரு ஆயுசையே ஒருத்தி இப்படிக் கழிக்க முடியுமா என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவருக்கு ஒரே பிள்ளை. கும்பகோணத்தில் படித்து மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு நாய்க்குட்டி வாங்கி வளர்த்தான். பிறகு கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. போகிறபோது நாயைக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். பெயர் ஜிம்மி. காப்பிக்கொட்டை நிறம். உடம்பு நீளம், கால் மட்டும் ஒரு சாண் கூட இருக்காது. எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை.

“இது நாயா, கீரியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “கால் செய்யறப்ப மாவு தீந்துபோச்சா?”

“அதுக்கு எல்லாம் புரியுதுங்க தம்பி, அப்படிச் சொல்லாதீங்க” என்றார் அக்கா.

உபதேசியார் போனபிறகு அந்த வீட்டில் சத்தம் என்று கேட்டது ஜிம்மியின் குரைப்பு ஒன்றுதான்.

ஒரு ஐப்பசி மாதம். விடாத மழை, சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் எதிர்வீட்டிலிருந்து, “ஓடியாடி!” என்று ஒரு கூச்சல். அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஜிம்மி வாசலில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கம் துணி மாதிரி கிடந்தது. ஈர மண்ணில் அது வந்த வழி முழுக்க இரண்டு கோடு, ஏர் ஓட்டின மாதிரி. அதன் முகத்தில் வலி தெரியவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று நம்மைக் கேட்கிற மாதிரி பார்த்தது. 

“பாம்பு தொட்டிருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். ஒருத்தர் வாயு என்றார், ஒருத்தர் மந்திரிக்கச் சொன்னார். குடவாசலிலிருந்து மாட்டு டாக்டர் மழையோடு வந்து பார்த்தார். ஒரு குறட்டால் பின்னங்கால் விரலை இறுக்கிப் பிடித்தார். ஜிம்மி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முதுகெலும்புல இருக்கிற வட்டு நழுவி நரம்ப அழுத்துதும்மா. நீள உடம்பு நாய்ங்களுக்கு இது வரும். ஆபரேஷன்தான். தாமதிக்காதீங்க, மெட்ராஸுக்குக் கொண்டுபோங்க.”

முதுகில் ஆபரேஷன்! எங்கள் தெருவில் மனுஷருக்கே முதுகில் கத்தி வைத்தது கிடையாது. அமெரிக்காவிலிருந்து பிள்ளை போனில் அழுதான். அவனுடைய சிநேகிதர் ஒருவர் மெட்ராஸிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எங்கப்பா முதுகு ஒடிஞ்சு கெடந்தப்ப மாட்டு வண்டிதான் வந்துது. நாய்க்குக் கார் வருது பாரு” என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் நாயைப் பலகையில் படுக்கவைத்து அலுங்காமல் காரில் ஏற்றியது அவர்தான்.

ஆபரேஷன் முடிந்து அக்கா நாயோடு திரும்பி வந்த அன்று நான் ஜிம்மியைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். முதுகு மயிரை வழித்து, நெல் மூட்டைக்கு வாய் தைத்த மாதிரி நடுமுதுகில் தைத்திருந்தார்கள். கூடவே ஒரு கம்பிக் கூண்டு வந்தது. நாய் படுக்கலாம், திரும்பலாம், அவ்வளவு இடம்தான். முதுகு ஆறுகிறவரை கூண்டிலேயே இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மூத்திரம். நாய்க்குத் தானாகப் போகாதாம், நாம்தான் வயிற்றை அமுக்கி எடுக்க வேண்டுமாம். அக்கா தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து, தடவித் தடவித் தேடினார்.

“இங்க இருக்குடி. ரப்பர் பந்து மாதிரி. நீ தலையைப் புடிச்சுக்க.”

“யக்கா, எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான். புடி.”

நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். சர்ரென்று சத்தம் கேட்டதும் அக்கா, “மாதாவே!” என்றார். ஒரு பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது அவர் குரல். அதன் பிறகு தினமும் பல தடவை அப்படித்தான். புண் வராமல் இருக்க ஒரு பக்கமாகப் படுத்திருப்பதை மறுபக்கம் திருப்பிவிடுவார். செத்த கால்களை எடுத்து, மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, சைக்கிள் மிதிப்பது போல் ஆட்டுவார். விரல் இடுக்கெல்லாம் நீவுவார். உபதேசியாரின் தோள் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கினாற்போல் கொல்லைக்குக் கூட்டிப்போவார். குனிந்து குனிந்து அவருக்கே முதுகு பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரருக்கு இது ஒன்றும் சரியாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் நடை வராத பிள்ளைகளை ஆற்று மணலில் குழி தோண்டி, இடுப்பு வரை மணலைத் தள்ளி நிற்கவைப்பார்கள். அவரையே அப்படி நிறுத்தித்தான் நடக்கவைத்தார்களாம். ஒருநாள் சாக்கில் மணல் அள்ளிக்கொண்டு வந்து அக்கா வீட்டுக் கொல்லையில் கொட்டிவிட்டார். குழியும் தோண்டியாகிவிட்டது.

“கூண்டுல வெச்சா நடக்குமாங்க? மணல்ல நிறுத்துங்க, தானா நிக்கும்.”

தையல் போட்ட முதுகு. ஆனால் அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

“தையல் பிரிக்கட்டும் தம்பி” என்றார். தையல் பிரித்தார்கள். “மணல் ஈரமா இருக்கே, சளி புடிச்சுக்கும்” என்றார். மணல் காய்ந்தது. “இன்னிக்கு அமாவாசையாச்சுங்களே” என்றார்.

“வேதக்கார வீட்டுல அமாவாசை எங்கேருந்து வந்துது?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“உங்களுக்கு இருக்குல்ல” என்றார் அக்கா.

அந்தக் குழி மழையில் தானாகத் தூர்ந்துபோனது.

இதற்கு நடுவில்தான் இன்னொரு விஷயம் இருந்தது. பிள்ளையின் மனைவி உண்டாகியிருந்தாள். வைகாசியில் பிரசவம் என்றார்கள். அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படியே அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. வீட்டைப் பூட்டிவிடலாம், நாயை அந்த மெட்ராஸ் சிநேகிதர் எடுத்துக்கொள்வார். விசாவெல்லாம் முன்பே வாங்கியாகிவிட்டது. மெட்ராஸுக்குப் போய் வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்தான் அக்கா, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும், “கொடுத்து வெச்ச மகராசி” என்றார்கள். டிக்கெட் போடவேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் நாய் விழுந்துவிட்டது.

அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் போனில் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படிதான் வைத்திருப்பார். பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது.

“ஜிம்மி எழுந்து நடக்கட்டும்மா. நடந்துட்டா அடுத்த நாளே டிக்கெட் போட்டுடறேன். இந்த நெலமையில அதை யார்கிட்டயும் கொடுக்க முடியாது.”

“ஆமாப்பா. அது நடக்கட்டும்” என்றார் அக்கா.

மார்கழியில் ஜிம்மியின் வால் நுனி லேசாக அசைந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பிறகு விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொண்டது. மூத்திரம் தானாகப் போக ஆரம்பித்தது. பொங்கல் சமயத்தில் துண்டைத் தளர்த்தினால் கள் குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. நின்றதும் பொத்தென்று உட்காரும். அக்கா கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிஜமான சிரிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொங்கல் முடிந்து, அறுப்புக்கு முன்னால் வயலில் உளுந்து தெளிக்கிற சமயம். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருந்தார்கள். அக்கா தனியாக ஆட்டோ வைத்துக்கொண்டு போய்வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

“என்னக்கா சொன்னாங்க?”

“இன்னும் கொஞ்ச நாள் கூண்டுலயே இருக்கணுமாம்டி.”

நான் நம்பினேன். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்?

அறுப்பு முடிந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் குத்தகை நெல் வரும். அதை அவித்து வாசலில் பரப்பிக் காயவைப்பார். நெல்லுக்குள் காலை விட்டு இழுத்து இழுத்து நடந்து துழாவிவிட வேண்டும், அப்போதுதான் மேலும் கீழும் காயும். அன்று வெயில் ஏறியதும் நான்தான் துழாவினேன். துழாவி, பலகையால் தள்ளி, சமமாக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு, உறைக்குக் கொஞ்சம் மோர் வாங்கலாம் என்று கிண்ணத்தோடு வந்தேன்.

நெல்லில் தடம் இருந்தது.

தெருநாய் என்றுதான் முதலில் நினைத்தேன். தெருநாய்த் தடம் எட்டி எட்டி இருக்கும். இது நெருக்கமாக, குட்டைக் காலுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. வாசல்படியிலிருந்து கிளம்பி, நெல்லைச் சுற்றி வந்து, படிக்கே திரும்பிப் போயிருந்தது. நாலு காலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ‘அக்கா, ஜிம்மி நடந்துட்டுது!’ என்று கத்த வாயைத் திறந்தபடி படி ஏறினேன்.

உள்ளே அக்கா கூண்டின் முன்னால் மண்டியிட்டிருந்தார். கூண்டுக் கதவு திறந்திருந்தது. “போதும் ராசா, உள்ள போ” என்றார். ஜிம்மி தன் காலில் நடந்து கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா கொக்கியை மாட்டினார். அதே நேரம் போன் அடித்தது.

“எப்படிம்மா இருக்கு ஜிம்மி?”

“அப்படியேதான்ப்பா. இன்னும் எந்திரிக்கலை.”

நான் வெளியே வந்துவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, எல்லோரும்தான் சொல்கிறோம். ஆனால் இந்தக் கைதானே இத்தனை மாதம் அதன் காலை நீவியது? நீவி நடக்கவைத்த கையே கொக்கியை மாட்டுமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நெல்லில் இறங்கிக் காலால் துழாவ ஆரம்பித்தேன். தடம் மறைந்துகொண்டே வந்தது.

அக்கா வெளியே வந்தார். நெல்லைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“மோரா?” என்றார்.

“ஆமாக்கா” என்றேன்.

அதற்குமேல் எங்கள் இரண்டு பேருக்குள்ளும் அதைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அப்புறமும் ஜிம்மி பெரும்பாலும் கூண்டில்தான் கிடந்தது. போனில், “இன்னும் எந்திரிக்கலை.” பிள்ளை, “அவசரப்படாதேம்மா, நல்லாப் பாத்துக்க” என்பான். அந்தக் குரலைக் கேட்கிறபோது நான் எழுந்து என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல்நாள். அக்கா வாசலில் உட்கார்ந்து கோயிலுக்கு ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் ஓலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எதிரே மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பிள்ளை இறங்கினான். சொல்லாமல் வந்திருக்கிறான். பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது, அம்மாவைக் கையோடு கூட்டிப்போகலாம் என்று.

“அம்மா!” என்றான்.

அவ்வளவுதான். உள்ளே கூண்டு அதிர்ந்தது. ஜிம்மிக்குக் குரல் தெரிந்துவிட்டது. குரைப்பில்லை அது, கதறல். உடம்பைத் தூக்கிக் கம்பியில் அடித்தது. மறுபடியும் அடித்தது. கூண்டு தரையில் நகர்கிற சத்தம் கேட்டது.

“முதுகு, முதுகு! அடிச்சுக்கப் போவுதும்மா!” என்று பிள்ளை பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் அக்கா எழுந்துவிட்டார். மடியிலிருந்த ஓலையெல்லாம் கொட்டியது. அந்த வயசில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உள்ளே போய்க் கூண்டுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். நான் வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிம்மி இன்னொரு தடவை கம்பியில் மோதியது. அக்கா கொக்கியைக் கழற்றினார்.

அது ஓடியது. நடக்கவில்லை, ஓடியது. அக்காவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, குட்டைக் காலை வீசிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையின் மேல் விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அது அவன் கண்ணாடியை நக்கித் தள்ளியது. அவன் சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை.

“ஓடுதும்மா! ஓடுதும்மா!”

“பாருய்யா! குழி தோண்டாமலே ஓடுது!” என்று என் வீட்டுக்காரர் ஈரக் கையோடு வந்து நின்றார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்பம்மா எந்திரிச்சுது? முந்தாநாள் கூட இல்லேன்னியே.”

“இப்பத்தான்ப்பா…”

அவன் நாயைக் கீழே விட்டான். அது வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன்.

“இது புதுசா எந்திரிச்ச நாய் இல்லைம்மா. ஒரத்தநாட்டுல டாக்டர் எப்ப வெளியில விடச் சொன்னாரு?”

அக்கா கூண்டுக் கொக்கியை மாட்டினார், கழற்றினார்.

“எப்பம்மா?”

“உளுந்து தெளிக்கறப்ப.”

இவன் அமெரிக்காவில் இருந்தாலும் எங்கள் மண்ணில் வளர்ந்தவன். வயல் பக்கம் திரும்பினான். உளுந்து காய் கருத்து, பறிக்க ஆள் இறங்கியிருந்தது. தெளித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆனால்தான் அப்படி.

பிள்ளை மெதுவாக எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். “சரிம்மா. நடக்குதுல்ல, அது போதும். வர்ற வாரமே டிக்கெட் போட்டுடறேன், கெளம்பு” என்றான்.

அக்கா வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு காரணம் வரும் என்று நான் காத்திருந்தேன். கோயிலில் பெரிய வாரம் இருக்கிறது, உளுந்து பறிக்க வேண்டும், எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

“நான் வரலைப்பா.”

“என்ன?”

“நான் வரலை. எனக்கு இஷ்டமில்லை.”

எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகமாக இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ‘இஷ்டம்’ என்ற சொல்லே அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அக்காவே தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று தெரியாத மாதிரி நின்றார்.

பிள்ளை தாழ்ந்த குரலில்தான் கேட்டான். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

“இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா. வாயில்லாத ஜீவனை ஏன் கூண்டுல வெச்சே?”

“அப்பப்ப அவுத்துவிடுவேன்ப்பா” என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் அவன் நாயை மட்டும் ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோனான். அப்படியே மெட்ராஸுக்குப் போய்ச் சிநேகிதரிடம் விட்டுவிடுவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அக்கா காலையிலிருந்து வாசலில் நின்றார். கோயிலில் குருத்தோலைப் பவனி நடந்தது, அதற்கும் போகவில்லை. கார் சாயங்காலம் வந்தது. அவன் ஜிம்மியைத் தூக்கிவந்து வாசலில் இறக்கிவிட்டான். அது நேராக அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தது. அவன் உள்ளே போய்க் கூண்டைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டான்.

போகிறபோது என்னிடம்தான், “அம்மாவைப் பாத்துக்குங்க சித்தி” என்றான். தலையை மட்டும் ஆட்டினேன்.

குழந்தையைப் பார்க்கச் சம்பந்தியம்மா போனார்கள். பேரன் பிறந்தான். பிள்ளை போன் செய்வதை நிறுத்தவில்லை, ஆனால் நாயைப் பற்றிக் கேட்கமாட்டான். அக்கா மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஈஸ்டருக்கே சங்கத்தில் பாடக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருந்தது.

ஜிம்மி அதன் பிறகு பல வருஷம் இருந்தது. நன்றாகவே நடந்தது. இடது பின்னங்கால் மட்டும் மெலிந்து, நடக்கும்போது கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசும். அக்கா கடைக்குப் போனால் அது முன்னால் போகும். அக்கா ரோட்டைப் பார்த்து நடந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். ஒருநாள் வண்டியில் அடிபடப் பார்த்தார், அப்போதும் அப்படித்தான். நாய் முதலில் போனது. பிறகு அக்காவும் போய்விட்டார். அந்தக் காலைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு என்ன தெரியும்?

மாதங்களை நான் மாற்றிப் போட்டிருக்கலாம். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மாட்டு வைத்தியம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தப்பையெல்லாம் திருத்திவிடுங்கள். முக்கியமாக ஒன்றைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடது கால் நோயால் அப்படி ஆனதா, இல்லை, உளுந்து தெளித்ததிலிருந்து பறிக்கிறவரை கூண்டில் கிடந்ததால் ஆனதா?